உதவித்தொகையை விழுங்கும் விமானம்

கடந்த கல்வியாண்டில் ஒரு நாள் மாலை, விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கட்டணம் பாக்கி என்று கல்லூரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "கவர்மெண்ட்டு பணம் இன்னும் ஏறலன்னு சொல்றான். நீங்கதான் ஆபீஸ்ல கேட்டு வாங்கிக் குடுக்கணும்" என்றார். உதவித்தொகை தாமதமாவது நமக்குப் புதிதல்ல. மனு எழுதிவிடலாம் என்று நினைத்து, பாஸ்புத்தகத்தை மட்டும் வங்கியில் பதிந்துகொண்டு வரச் சொன்னோம்.

பதிந்து வந்த பக்கத்தைப் பார்த்த பிறகு மனுவுக்கு வேலை இருக்கவில்லை. பணம் ஏறி பதினோரு நாள் ஆகியிருந்தது. ஏறிய அன்றிரவே 100, 200, 500 என்று முப்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் அது வெளியே போயிருந்தது. ஒவ்வொரு வரியிலும் நமக்குத் தெரியாத ஒரு தனிநபரின் பெயர். கடைசி வரியில் இருப்பு ரூ.41.

தம்பியைத் தனியாக அழைத்துப் பேசினோம். வெகுநேரம் தலை நிமிரவில்லை. "மொத நாளு நூறு ரூபா போட்டு எழுநூறு எடுத்தேன்ணா. அப்புறம் விட்டத எடுத்துட்டா ஃபீஸ கட்டிட்டு நிறுத்திடலாம்னுதான் ஆடுனேன்" என்றான். அவன் ஆடியது இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் செல்போன்களில் 'விமான கேம்' என்று புழங்கும் கிராஷ் வகைச் சூதாட்டம்.

அந்தத் தம்பியின் ஒழுக்கத்தை எடைபோடுவது இந்தப் பத்தியின் வேலை அல்ல. அந்த ஆட்டம் எப்படி இயங்குகிறது, நம் பிள்ளைகளிடம் அது எதைப் பறிக்கிறது, சட்டம் யாரைப் பிடிக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதைப் பேசுவோம்.

பொத்தான் நம்முடையது, கணக்கு அவர்களுடையது

திரையில் ஒரு சிறு விமானம் மேலேறுகிறது. ஏற ஏற, பக்கத்தில் ஓர் எண் வளர்கிறது. 1.10, 1.50, 2, 5 என்று போகும் அந்த எண்ணைப் பிள்ளைகள் 'எக்ஸ்' என்கிறார்கள். நூறு ரூபாய் கட்டியவர், எண் 2 ஆக இருக்கும்போது 'கேஷ் அவுட்' பொத்தானை அழுத்தினால் இருநூறு ரூபாய். அழுத்துவதற்குள் விமானம் மறைந்துவிட்டால் நூறும் போச்சு. அவ்வளவுதான் ஆட்டம். சீட்டும் வேண்டாம், விதிமுறைப் பாடமும் வேண்டாம். படிக்கத் தெரியாதவர்கூட ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார்.

பிட்காயின் சூதாட்டத் தளங்களில் தொடங்கிய இந்த வகை ஆட்டத்தை உலகெங்கும் பரப்பியது 2019இல் ஜார்ஜியா நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ஏவியேட்டர்'. இன்று அதைப்போல ராக்கெட், கார், பலூன் என்று எத்தனையோ நகல்கள்.

விமானம் எப்போது மறையும் என்பதை, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதால் கண்டுபிடித்துவிட முடியாது. விமானம் கிளம்பும்போதே அந்தச் சுற்றின் முடிவு கணினியில் தீர்ந்துவிடுகிறது. ஏவியேட்டரில், நிறுவனத்தின் சர்வர் தரும் ஓர் எண்ணையும், அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டிய மூவரின் பக்கமிருந்து வரும் எண்களையும் சேர்த்துக் கலக்கி முடிவைக் கணக்கிடுகிறார்கள். நாம் திரையில் பார்ப்பது ஏற்கெனவே முடிவான ஒன்றின் படம். முந்தைய சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் தொடர்பே கிடையாது. "அஞ்சு தடவ சீக்கிரம் போயிடுச்சு, இப்ப பெருசா வரும்" என்பது வெறும் ஆசை.

அதனால்தான், 'அடுத்த எண்ணை முன்கூட்டியே சொல்லும் ஆப்' என்றும், 'சிக்னல் தருகிறோம்' என்றும் டெலிகிராமில் காசு கேட்பவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். அந்த எண்ணை உண்மையிலேயே அறிந்தவர், அதை முந்நூறு ரூபாய்க்கு நமக்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

ஆயிரம் சுற்றின் கணக்கு

ஏவியேட்டருக்கு அதன் நிறுவனம் அறிவித்திருக்கும் 'திருப்பித் தரும் விகிதம்' 97 சதவீதம். கேட்பதற்கு நியாயமான வட்டிக்கடை போலத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டு பார்ப்போம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் 100 ரூபாய் வீதம் ஆயிரம் சுற்று ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது ஒரு லட்ச ரூபாய். எப்போதும் 2 வந்ததும் எடுத்துவிடுகிறோம் என்றால், விமானம் அந்த உயரத்தை எட்டுவது ஆயிரத்தில் சுமார் 485 முறை. 485 முறை 200 ரூபாய் என்றால் கைக்கு வருவது 97,000. பேராசைப்பட்டு 10 வரை காத்திருந்தால், ஆயிரத்தில் சுமார் 97 முறைதான் எட்டும். 97 முறை ஆயிரம் ரூபாய், அதுவும் 97,000. பயந்து பயந்து 1.10இலேயே எடுத்தாலோ, சுமார் 882 முறை ஜெயிப்போம். ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைப்பது 110 ரூபாய். அதுவும் ஏறக்குறைய 97,000தான். ஆயிரத்தில் முப்பது சுற்று, விமானம் கிளம்பிய இடத்திலேயே மறைந்துவிடும். அந்த முப்பதில் யாருக்கும் பொத்தானை அழுத்த நேரமே இல்லை.

எப்போது அழுத்தினாலும் பதில் மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தைரியசாலிக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் ஒரே கணக்கு. பொத்தான் நம் விரலுக்குக் கீழே இருப்பதால் தோற்றால் 'நாம்தான் தாமதமாக அழுத்தினோம்' என்று தோன்றுகிறது. தப்பு நம் மேல் என்றால், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்றும் தோன்றுகிறது. இந்த ஆட்டத்தின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. லாட்டரியில் தோற்றவர் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். இதில் தோற்றவர் தன்னையே நொந்துகொண்டு மறுபடி ஆடுகிறார்.

மூன்று சதவீதம்தானே என்று கேட்கலாம். அந்த மூன்று, கொண்டுபோன பணத்துக்கு அல்ல. கட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 120 சுற்று. நூறு நூறாகக் கட்டினால் 12,000 ரூபாய் உருள்கிறது. அதில் மூன்று சதவீதம் 360 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த ஒருநாள் கூலி ரூ.336. அம்மா வெயிலில் நின்று ஒரு நாள் முழுக்க மண் வெட்டிச் சம்பாதிப்பதைவிட அதிகமாக, மகனின் கைபேசி ஒரு மணி நேரத்தில் அரைத்துவிடுகிறது. இதுவும் சராசரிதான். ஒரே இரவில் அதைவிடப் பல மடங்கு போவதும் உண்டு.

'தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு, எப்படியும் மீண்டுவிடலாம்' என்று ஓர் உபாயம் வீடியோக்களில் உலவுகிறது. பத்து ரூபாயில் தொடங்கி 2 வந்ததும் எடுப்பதாக இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், ஜெயிக்கும்போது கிடைப்பது பத்தே ரூபாய். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போவது 1,270 ரூபாய். அப்படி ஏழு முறை தொடர்ந்து தோற்பது, நூறு தடவை தொடங்கினால் ஏறக்குறைய ஒரு தடவை நடக்கும். நூறு தடவை பத்துப் பத்தாகச் சேர்த்த ஆயிரமும் அந்த ஒரு தடவையில் போய்விடும்; மேற்கொண்டு கையிலிருந்தும் போகும்.

திருக்குறளில் சூது அதிகாரத்தை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருக்கிறார்கள். அதன் முதல் குறளில் வள்ளுவர் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுவது தோல்வியை அல்ல, வெற்றியை. முதல் நாள் கிடைத்த எழுநூறு ரூபாய்தான் அந்தத் தம்பியின் தொண்டையில் மாட்டிய முள்.

இது வரை சொன்னது, அறிவித்தபடி நடக்கும் ஆட்டத்தின் கணக்கு. வாட்ஸ்அப்பில் வரும் 'லிங்க்' வழியே இறங்கும் நகல் ஆப்களில் அந்த 97கூட உறுதி இல்லை. ஜெயித்த தொகையை எடுக்கப்போனால் 'வரி கட்டு, பிறகு தருகிறோம்' என்பார்கள். கட்டினால் அதுவும் போகும்.

இது ஏன் நம் பிரச்சினை

சூது எல்லாச் சாதியிலும் இருக்கிறது. ஆனால் விழும் உயரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலமும் நகையும் உள்ள வீட்டுப் பையன் தோற்றால், அப்பா திட்டிவிட்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவார். நம் வீட்டில் அந்த இரண்டாவது பணம் இல்லை. அப்போது மகளிர் குழுக் கடன், பிறகு கந்துவட்டி, அதற்கும் பிறகு செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ முன்பணம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முன்பணம் வாங்கிய குடும்பம் சூளையை விட்டு நகர முடியாமல் நிற்பதை நம் மாவட்டங்களில் இன்றும் பார்க்கிறோம். மகன் ஓர் இரவில் ஆடிய ஆட்டத்துக்குத் தாய் ஒரு பருவம் முழுக்கக் கல் அறுக்க நேர்ந்தால், அது வெறும் விளையாட்டு இழப்பு அல்ல.

இன்னொன்று, உதவித்தொகை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு மாற்றியமைத்தது. ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம். அது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான பணம் இது. இடைத்தரகர் கையில் சிக்காமல் பிள்ளையின் கணக்குக்கு வருவது நல்லதுதான். ஆனால் அது வருவது பெரும்பாலும் கட்டணத் தேதி கடந்த பிறகு. கல்லூரியின் நெருக்கடி ஒரு பக்கம், முதன்முறையாகக் கணக்கில் ஏறிய பெரிய தொகை ஒரு பக்கம், கையில் யுபிஐ. சூதாட்ட விளம்பரம் குறிவைப்பது இந்த நேரத்தைத்தான்.

இப்படி நாலு சம்பவம் நடந்தால், "பாத்தீங்களா, இவங்களுக்குப் பணம் குடுத்தா இப்படித்தான்" என்று பேசக் காத்திருக்கும் வாய்கள் ஊரில் உண்டு. உதவித்தொகை யாரும் போட்ட பிச்சை அல்ல. பல தலைமுறை மறுக்கப்பட்ட கல்விக்கு அரசு செய்யும் கடமை. ஒரு மாணவன் வலையில் விழுந்ததைக் காட்டி அந்த உரிமையையே கேள்வி கேட்பதை நாம் ஏற்கக் கூடாது. அதே சமயம், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் பணத்தைக் காப்பதும் நம் பொறுப்பு.

வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்கு

அந்தப் பாஸ்புத்தகத்தில் முப்பது வரிகளிலும் தனிநபர் பெயர்கள் இருந்ததைச் சொன்னோம். அவர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற எளியவர்களே. சூதாட்டத் தளங்கள் தங்கள் பெயரில் பணம் வாங்குவதில்லை. கிராமத்து இளைஞர்களிடம் தரகர்கள் வருவார்கள். "ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் குடு, சிம்மும் ஏடிஎம் கார்டும் குடுத்துடு, மாசா மாசம் ஒரு தொகை தர்றோம்" என்பார்கள். வேலையில்லாத பிள்ளைக்கு அது சும்மா வரும் காசு.

அந்தக் கணக்கில் சூதாட்டப் பணமும், வேறெங்கோ ஏமாற்றப்பட்ட யாரோ ஒருவரின் பணமும் ஓடும். ஏமாந்தவர் எங்கிருந்து புகார் கொடுத்தாலும், போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். தரகரின் உண்மைப் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. கணக்கு முடக்கப்படும்; அது உதவித்தொகைக் கணக்காக இருந்தால் அந்தப் பணமும் நிற்கும். வழக்கு பதிவானால், அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் அது எழுந்து நிற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரவேண்டிய பிள்ளை குற்றப்பத்திரிகையில் முதல் பெயராக வருவான்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது

தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று கூறி அவற்றை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டங்களுக்கான தடை நிலைத்தது. கணினி எண்ணில் முடிவாகும் கிராஷ் ஆட்டத்தைத் திறன் என்று யாரும் வாதாட முடியாது. அடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறன், அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுக்கிறது.

இரண்டு சட்டங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நமக்கு முக்கியமானது அதுதான். ஒன்றியச் சட்டம் ஆட்டத்தை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் ஆகியோரைத் தண்டிக்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில், சூதாட்டம் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஏமாந்த பிள்ளை புகார் கொடுக்கப் போனால் தானே குற்றவாளியாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறான். காவல் நிலையத்துக்குள் நம் மக்கள் எப்படி நடத்தப்பட்டிருக்கிறார்கள் என்ற நினைவும் அந்த அச்சத்தோடு சேர்ந்துகொள்கிறது. காசு வைத்துச் சீட்டாடிய ஐந்து பேர் கைது என்ற செய்தியை மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறோம். கடல் தாண்டி சர்வர் வைத்து நடத்துகிறவரை அப்படிப் பிடிப்பது எளிதல்ல. ஒரு முகவரியை முடக்கினால் மறுநாள் இன்னொரு முகவரியில் அதே விமானம் பறக்கிறது. ஆகவே, ஆடியவரைத் தண்டிக்கும் பிரிவைத் தமிழ்நாடு அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் பயமின்றி வாய் திறந்தால்தான் தரகர்கள் வெளியே வருவார்கள்.

என்ன செய்யலாம்

இந்த ஆட்டத்தில் 'கவனமாக ஆடும் முறை' என்று ஒன்று இல்லை என்பதைக் கணக்கு காட்டிவிட்டது. ஆபத்தைக் குறைக்கும் வழிகள் எல்லாம் ஆட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.

முதலாவது, உதவித்தொகை வரும் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். அன்றாடச் செலவுக்கு வேறு கணக்கு இருக்கட்டும். ஏற்கெனவே இணைத்திருந்தால் நீக்குங்கள். முடியாவிட்டால் தினசரி வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கியில் கேளுங்கள். பணம் ஏறிய அன்றே கட்டணத்தைக் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, யாருக்கும் உங்கள் கணக்கையோ சிம்மையோ ஏடிஎம் கார்டையோ கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக் கிளைக்குப் போய் எழுத்துமூலமாகத் தெரிவித்துக் கணக்கை மூடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆடித் தோற்றவர்கள் விட்டதைப் பிடிக்கக் கடன் ஆப்களைத் தொடாதீர்கள். போன பணத்தை இழப்பாக எழுதிவிட்டு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. மோசடி நடந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று கட்டணம் கேட்டு வருபவர் இரண்டாவது திருடர்.

நான்காவது, வீட்டில் சொல்லுங்கள். கடனைவிட அதை மறைப்பதுதான் பிள்ளைகளை விபரீதத்துக்குத் தள்ளுகிறது. மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணை அழைத்தால், எந்நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். பெற்றோர்களே, பிள்ளை உண்மையைச் சொல்லும் முதல் ஐந்து நிமிடம் கையை ஓங்காதீர்கள். இரண்டாவது முறை அவன் சொல்ல மாட்டான்.

சமூகநீதி விடுதிக் காப்பாளர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் உதவித்தொகை வரும் மாதத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். மேலே சொன்ன ஆயிரம் சுற்றுக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாலே போதும். அம்பேத்கர் பெயரில் ஊர்தோறும் இரவுப் பாடசாலை நடத்தும் நம் இளைஞர்களும் இதை ஒரு பாடமாக எடுக்கலாம்.

அந்தத் தம்பியின் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட, கல்லூரி முதல்வரிடம் பேசி அவகாசம் வாங்கினோம். முதல் தவணைக்கு அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. விடுமுறையில் பெயிண்ட் வேலைக்குப் போய் இரண்டாவது தவணையை அவனே கட்டினான். தோடு இன்னும் மீளவில்லை. அந்த ஆப்பை எங்கள் எதிரில்தான் அழித்தான். ஆனால் புது 'லிங்க்' இப்போதும் வந்துகொண்டேயிருக்கிறது என்று அவனே சொல்கிறான்.

இந்த வாரம் வங்கிப் பக்கம் போகிறவர்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்புத்தகத்தைப் பதிந்து வாருங்கள். இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படியுங்கள்.